செக்ரோல்

இலங்கையின் பதுளை, பசறை, தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பார்கள். சொன்ன கிலோவை எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். அந்தப் பேர் ஏறும் பதிவேடுதான் செக்ரோல். மலாயா ரப்பர்த் தோட்டத் தமிழர் வாயிலும் இதே சொல் வழங்கியது. வெள்ளைக்காரத் துரைமாரின் நிர்வாகத்தோடு கூடவே போயிருக்கிறது.

'ரோல்' இலத்தீன் ரோட்டுலஸிலிருந்து வந்தது. முதலில் சிறு சக்கரம், பிறகு சுருட்டிவைத்த தோல் ஏடு, அப்புறம் பெயர்ப்பட்டியல். 'செக்' பாரசீகத்து ஷா: சதுரங்கத்தில் அரசனுக்கு வைத்த செக், காலப்போக்கில் சரிபார்ப்பதையும் குறித்தது. இவற்றைவிடச் சுவையானது இவற்றின் உறவுக்காரச் சொல்லான 'கண்ட்ரோல்'. அதன் மூலம் கோந்த்ரா-ரோட்டுலஸ், அதாவது எதிர் ஏடு. ஒருவர் எழுதிய கணக்கை இன்னொருவர் தனியாக எழுதிவைத்து, பிறகு இரண்டையும் ஒத்துப்பார்ப்பார்கள். அதிகாரம் என்ற பொருள் பிற்பாடு ஏறியது.

மலையில் நிறுவை நேரத்தைப் பாருங்கள். தராசில் கொழுந்துச் சாக்கு தொங்குகிறது. ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிவு போக மீதிக் கிலோவைக் கணக்கப்பிள்ளை தன் புத்தகத்தில் குறிக்கிறார். அது ஆபிஸ் செக்ரோலுக்குப் போகிறது, அங்கிருந்து சம்பளச் சீட்டுக்கு. எழுத்து மூன்று இடத்தில் இருந்தாலும் எழுதுவது ஒரே தரப்பு. கொழுந்து எடுத்த பெண்ணிடம் மனக்கணக்கு மட்டும் இருந்தால் அவர் பேச்சு எடுபடாது; செக்ரோல் சொன்னதுதான் சம்பளம்.

கணினியிலும் இந்த ஏற்பாடுதான். ஒரே செயலியைப் பல சர்வர்கள் தாங்கும்போது, பதிவெல்லாம் பெரும்பாலும் ஒரு தலைமை டேட்டாபேஸுக்குப் போகும். நடந்த மாற்றங்களை அதே வரிசையில் வாங்கித் துணை டேட்டாபேஸ்கள் தங்களைப் புதுப்பித்துக்கொள்ளும். அவை சற்றுப் பின்தங்கினால், கட்டிய காசு கணக்கில் ஏறாதது போலத் தெரியும். தலைமையை 'மாஸ்டர்' என்றும் துணையை 'ஸ்லேவ்' என்றும் அழைத்துவந்த மைஎஸ்கியூஎல், 2020இல் அவற்றை 'சோர்ஸ்', 'ரெப்ளிக்கா' என்று மாற்ற முடிவெடுத்தது. வேண்டிய மாற்றம்தான். ரெப்ளிக்காவின் இலத்தீன் வேர் 'திருப்பி மடித்தல்'.

ஆனால் ரெப்ளிக்கா எதிர் ஏடு ஆகாது. தலைமையில் ஒரு கிலோ கழிவு கூடுதலாக ஏறினால், துணைகள் எல்லாம் அதையே பிசகாமல் ஏற்றிக்கொள்ளும். ஒத்திசைவு சரியாக நடந்தது என்றுதான் சர்வர் சொல்லும். மின்தராசு வைக்கும் தோட்டங்கள் ஒவ்வொரு நிறுவைக்கும் ஒரு சீட்டு அடித்து அந்தப் பெண் கையில் கொடுக்கட்டும். சம்பள நாளில் ஒத்துப்பார்க்க அவரிடமும் ஓர் ஏடு இருக்கும்.