பால் டேங்கில் நொதித்த பீர்

1983 ஆகஸ்டில், கலிஃபோர்னியாவின் ஹாப்லாண்ட் என்ற சிற்றூரில், ஒரு பழைய செங்கல் கட்டடத்தில் பீர் காய்ச்சி, அங்கேயே சாப்பாட்டோடு விற்கத் தொடங்கினார்கள். அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகளில் அந்த மாநிலத்தில் யாரும் அப்படிச் செய்ய முடிந்ததில்லை. காய்ச்சுகிறவர் காய்ச்ச மட்டும் செய்யலாம், விற்பவர் விற்க மட்டும் செய்யலாம் என்றது சட்டம்.

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து 101ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே போனால் இரண்டு மணி நேரத்தில் ஹாப்லாண்ட் வந்துவிடும். அந்தச் சாலையில் குழந்தை குட்டிகளோடு போகிறவர்கள், வழியில் ஏதாவதொரு சிறு பீர் ஆலையில் இறங்கி மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்புவது இன்று சாதாரணம். பெரியவர்களுக்கு மரத்தட்டில் வைத்த சின்னச் சின்னக் கண்ணாடிக் குவளைகளில் ருசி பார்க்கும் அளவு பீர். பிள்ளைகளுக்கு எலுமிச்சைச் சாறோ ரூட் பீரோ. ரூட் பீர் என்பது பெயரில்தான் பீர், அது வெறும் இனிப்புச் சோடா. நெடுநாளைய அமெரிக்கப் பழக்கம்போலத் தோன்றும் இந்தக் காட்சிக்கு வயது நாற்பதைத்தான் தாண்டியிருக்கிறது.

எனக்கு இந்த வரலாற்றில் பிடிப்பு வந்தது பால் வழியாக. என் அப்பா ஈரோட்டுப் பக்கம் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை பார்த்தவர். பள்ளி விடுமுறையில் அவரோடு போய் நின்றிருக்கிறேன். ஆளுயர எவர்சில்வர் டேங்க், வெந்நீர் ஆவி, காஸ்டிக் சோடா விட்டுக் கழுவிய குழாய்களின் நெடி, கேனுக்குள் மிதக்கும் லாக்டோமீட்டர் எல்லாம் எனக்கு வீட்டுச் சாமான்கள் மாதிரி. கலிஃபோர்னியாவுக்குக் குடிவந்த பிறகு முதன்முறையாக ஒரு சிறு பீர் ஆலையின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பார்த்தபோது, அதே டேங்குகள், அதே குழாய்கள், அதே நெடி. பீர்க்காரர்களிடம் லாக்டோமீட்டருக்கு ஒன்றுவிட்ட தம்பியாக ஹைட்ரோமீட்டர் இருக்கிறது. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று அது காட்டும். மால்ட் சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் எவ்வளவு தின்றிருக்கிறது என்று இது காட்டும்.

சென்ற கோடையில் ஊரிலிருந்து என் மாமியார் வந்திருந்தார். கோபிச்செட்டிபாளையத்துக்காரர், சுத்த சைவம். என் கணவர் குடிப்பதில்லை, அதனால் ஸ்டியரிங் அவரிடம். மகளும் மகனும் பின்சீட்டில். பீர் ஆலை என்று கேட்டதும் அத்தைக்குச் சங்கடமாகிவிட்டது.

“ஏன் அம்மணி, புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டா அங்க போறது? நம்மூர்ல பொம்பளைங்க அந்தப் பக்கமே திரும்ப மாட்டாங்களே.”

அவர் கேட்டது நியாயம். அமெரிக்கா 1933இல் மதுவிலக்கைக் கைவிட்டது. நான்கே ஆண்டுகளில், 1937இல், ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். பிறகு அது மாகாணம் முழுக்கப் பரவியது. அத்தை வளர்ந்ததெல்லாம் அந்தக் காலத்தில். குடி என்றால் ஒளித்துச் செய்வது, அதன் பின்னால் அடிதடியும் அழுகையும் வருவது என்றுதான் அவர் பார்த்திருக்கிறார். நானும் வேறு மாதிரிப் பார்த்து வளரவில்லை. அதனால்தான், குடியை வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்த ஊர்கள் அதை எப்படிச் செய்தன என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் சொனோமா ஊரில் இறங்கினோம். பீருக்காக இல்லை, பாலாடைக்கட்டிக்காக. அங்கே வெல்லா என்ற குடும்பம் 1931 முதல் ‘டிரை ஜாக்’ என்ற கெட்டியான சீஸ் செய்கிறது. மேல்தோலில் கோகோவும் மிளகும் எண்ணெயும் பூசிப் பல மாதம் காயவைப்பார்கள். இந்தச் சீஸ் ஆலை இருக்கும் கல் கட்டடம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீர் ஆலையாகக் கட்டப்பட்டது. 1920இல் மதுவிலக்கு வந்து பீர் போயிற்று. பின்னால் பால் குடியேறியது.

அதே சொனோமாவில் 1976இல் இதற்கு நேரெதிரான ஒன்று நடந்தது. ஜாக் மெக்காலிஃப் என்பவர் அமெரிக்கக் கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பல் பிரிவின் தொழில்நுட்பப் பணியாளராக ஸ்காட்லாந்தில் இருந்தவர். அங்கே குடித்த ஏல் வகை பீர் அவர் நாக்கிலேயே நின்றுவிட்டது. ஊர் திரும்பினால் கடைகளில் எல்லாப் புட்டியிலும் ஏறக்குறைய ஒரே வெளுத்த பீர். 1970களின் கடைசியில் அத்தனை பெரிய அமெரிக்காவில் நூறு பீர் ஆலைகள்கூட இல்லை. ஒன்றை ஒன்று விழுங்கி மிஞ்சியவை அவை. சுசி ஸ்டெர்ன், ஜேன் சிம்மர்மன் என்ற இரு பெண்களைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டு, ஊருக்கு வெளியே ஒரு கிடங்கைப் பிடித்து ‘நியூ ஆல்பியன்’ என்ற ஆலையை மெக்காலிஃப் தொடங்கினார்.

அவருக்கு வேண்டிய அளவில் பாத்திரம் எங்கும் விற்பனைக்கு இல்லை. பீர் ஆலைக் கருவி செய்கிறவர்கள் ராட்சத ஆலைகளுக்குத்தான் செய்தார்கள். எனவே பால் பண்ணைகள் கழித்துப்போட்ட டேங்குகளையும், கோகோ கோலா பாகு வந்த எஃகுப் பீப்பாய்களையும் வாங்கினார். தானே வெல்டிங் செய்தார், தானே குழாய் பொருத்தினார். ஒரு காய்ச்சலுக்குக் கிடைத்தது ஒன்றரை பேரல், அதாவது சுமார் 175 லிட்டர். எங்கள் அப்பாவின் நிலையத்தில் இது நாலைந்து கேன் கணக்கு. பால் டேங்க் ஏன் இதற்குத் தோதுப்பட்டது என்று பால்காரர் வீட்டுப் பிள்ளைக்கு உடனே தெரியும். பாலும் பீரும் ஒரே எதிரியோடு போராடுகிறவை. மூலையில், மூட்டில், வெல்டிங் தடத்தில் ஒட்டியிருக்கும் ஒரு துளி அழுக்கு மொத்தச் சரக்கையும் புளிக்கவைத்துவிடும். அதனால் இரண்டுக்கும் வழவழப்பான உட்சுவர் வேண்டும், அடியில் மிச்சமின்றி வடிய வேண்டும், வெப்பநிலையைப் பிடித்துவைக்க வேண்டும். அப்போது சின்னப் பால் பண்ணைகள் பெரியவற்றோடு போட்டிபோட முடியாமல் மூடிக்கொண்டிருந்தன. ஒரு சிறுதொழில் சாகும்போது விட்டுப்போன பாத்திரத்தில்தான் இன்னொரு சிறுதொழில் பிறந்தது. சிகோ ஊரில் 1980இல் ‘சியரா நெவாடா’ ஆலையில் முதல் காய்ச்சலைப் போட்ட கென் கிராஸ்மனும் பால் பண்ணைப் பாத்திரங்களைத்தான் மாற்றியமைத்துக்கொண்டார். அதற்கு முன் அவர் நியூ ஆல்பியனை நேரில் போய்ப் பார்த்திருந்தார்.

மெக்காலிஃபின் ஆலை 1982இல் மூடப்பட்டது. அந்த அளவில் காய்ச்சிக் கட்டுப்படியாகவில்லை, பெரிதாக்கப் பணம் புரளவில்லை. அவர் விழுந்த அதே ஆண்டில்தான் அவரைப் போன்றவர்களைக் காப்பாற்றும் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் ஏன் தேவைப்பட்டது என்று தெரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1920க்கு முன் அமெரிக்க மதுக்கடைகளில் பெரும்பாலானவை பீர் கம்பெனிகளின் பிடியில் இருந்தன. கம்பெனி கடனும் மேசை நாற்காலியும் கொடுக்கும். கடைக்காரர் அந்தக் கம்பெனிச் சரக்கை மட்டும் ஊற்றியாக வேண்டும், நிறைய ஊற்றியாக வேண்டும். மதுவிலக்கு இயக்கத்துக்கு வலுச்சேர்த்ததே இந்தக் கடைகளின் கேடு. அதனால் 1933இல் மதுவை மறுபடி அனுமதித்தபோது, காய்ச்சுபவர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் மூவரையும் தனித்தனியே பிரித்துவைத்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் சொந்தக் கடையில் சொந்த பீரை விற்க நினைத்த சின்ன மனிதருக்கும் அதே பூட்டு விழுந்தது. வீட்டில் ஒயின் செய்துகொள்ள அனுமதித்தவர்கள் பீருக்கு அனுமதி தரவில்லை. ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட பிறகுதான் ஒரு குடும்பம் ஆண்டுக்கு 200 கேலன்வரை வீட்டில் வரியின்றிக் காய்ச்சிக்கொள்ள வழி பிறந்தது. அடுத்து 1982இல், பெர்க்லியைச் சேர்ந்த டாம் பேட்ஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்த மசோதா, காய்ச்சும் இடத்திலேயே விற்கலாம் என்று கலிஃபோர்னியாவில் பூட்டைத் திறந்தது.

இத்தோடு சேர்ந்தது சமையற்கட்டு. வெறும் மதுக்கூடத்துக்குள் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நுழையக்கூடாது. முறையான உணவகமாக இருந்தால் குடும்பத்தோடு வரலாம். அடுப்பு எரிந்ததால்தான் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. இந்த வரலாற்றில் பீரைவிட அந்த அடுப்புக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். சாப்பாட்டோடு, பிள்ளைகளின் கண்ணெதிரே, வெளிச்சத்தில் குடிக்கிறவர் அளவோடு நிறுத்துவதற்குக் காரணங்கள் கூடுதல்.

மதியம் சாண்டா ரோசாவில் ‘ரஷ்யன் ரிவர்’ உணவகத்தில் உட்கார்ந்தோம். பிள்ளைகளுக்கும் அத்தைக்கும் பீட்சா. எனக்கு ஒரு சின்னக் குவளை கசப்பு மிகுந்த ஐ.பி.ஏ., அதாவது ‘இந்தியா பேல் ஏல்’. இந்த வகை பீரின் முன்னோர் நம் கரைக்கு வந்து இறங்கியவை. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் லண்டன் ஹாட்ஜ்சன் ஆலையின் பீப்பாய்களும், பிறகு பர்ட்டன் ஊர் ஆலைகளின் பீப்பாய்களும் பல மாதம் கடலில் கிடந்து கல்கத்தாவுக்கும் மதராஸுக்கும் வந்தன. வழியில் கெடாமலிருக்க, பீருக்குக் கசப்புத் தரும் ஹாப்ஸ் பூவைத் தாராளமாகப் போட்டார்கள். இதைச் சொன்னதும் மகள் நம்பாமல் போனை எடுத்துத் தேடிப்பார்த்துத் தலையாட்டினாள். அத்தை சுற்றிலும் பார்த்தார். பக்கத்து மேசையில் ஒரு பாட்டி பேரனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

“இது நம்ம மெஸ்ஸாட்டமே இருக்குதே கண்ணு” என்றார் அத்தை.

அங்கிருந்து ஹாப்லாண்ட். அந்தப் பெயரே ஹாப்ஸ் பூவிலிருந்து வந்தது. அதற்கு முன் சானெல் என்றிருந்த ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஷ்யன் ஆற்றுப் படுகை நெடுக உயரக் கம்பம் நட்டு ஹாப்ஸ் கொடி ஏற்றினார்கள். ஹீல்ட்ஸ்பர்க் அருகே 1905இல் கட்டிய, மூன்று கோபுரங்கள் கொண்ட கல் உலர்த்துகூடம் இன்றும் நிற்கிறது. கோபுரத்தின் அடியில் நெருப்பு, மேல்தளத்தில் பச்சைப் பூ. அறுவடைக் காலத்தில் குடும்பம் குடும்பமாகப் பறிக்க வந்தார்கள்: இந்த மண்ணின் போமோ பழங்குடியினர், பிறகு வேலை தேடி அலைந்த ஏழை வெள்ளையர். அந்த வேலையின் கொடுமையும் பதிவாகியிருக்கிறது. 1913 ஆகஸ்டில், கிழக்கே வீட்லாண்ட் ஊரின் டர்ஸ்ட் பண்ணையில், தேவைக்கு மேல் ஆட்களை விளம்பரம் செய்து வரவழைத்து, குடிதண்ணீரும் கழிப்பிடமும் சரியாகத் தராமல் விட்டார்கள். தொழிலாளர் கூட்டத்தைக் காவலர்கள் கலைக்க வந்தபோது நடந்த மோதலில் நான்கு பேர் இறந்தார்கள். பல நாட்டினர் இருந்த அந்தக் கூட்டத்தில் இந்தியர்களும் உண்டு. கோப்பையின் கசப்பைப் புகழ்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பீர் வெளுக்க வெளுக்க ஹாப்ஸின் தேவை குறைந்தது. கொடிகளைப் பூஞ்சை நோயும் தாக்கியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் சாகுபடி இங்கே அற்றுப்போய் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பக்கம் நிலைத்துவிட்டது. இப்போது ஹாப்லாண்டைச் சுற்றித் திராட்சைதான்.

நியூ ஆல்பியனில் வேலை பார்த்த டான் பார்க்லி, அந்த ஆலையின் பாத்திரங்களோடு இங்கே வந்து சேர்ந்தார். ஹாப் வைன் சலூன் என்று ஒரு காலத்தில் பெயர்பெற்ற கட்டடத்தில், அந்தப் பழைய டேங்குகளைக் கொண்டு ‘மெண்டோசினோ புரூயிங்’ தொடங்கியது. முன்பு சொன்ன 1983இன் கடை இதுதான். பத்தாண்டு கழித்து பொதுமக்களுக்கே பங்கு விற்று யூக்கையா ஊரில் பெரிய ஆலை கட்டினார்கள்; சுமை தாங்கவில்லை. 1997இல் பெரும்பங்கை வாங்கியவர் விஜய் மல்லையா. 1915இல் தென்னிந்தியாவின் சிறு பீர் ஆலைகளை இணைத்து உருவான யுனைடெட் புரூவரீஸின் வாரிசு, மதுவிலக்குக்குப் பின் கலிஃபோர்னியாவில் வந்த முதல் ‘புரூபப்’புக்கு, அதாவது காய்ச்சும் இடத்திலேயே பீர் விற்கும் கடைக்கு, உரிமையாளரானார். 2018 தொடக்கத்தில் அந்த நிறுவனம் மூடப்பட்டது.

பிறகு 128ஆம் சாலையில் திரும்பி பூன்வில். அங்கே 1987இல் தொடங்கிய ஆண்டர்சன் வேலி ஆலை இருக்கிறது. ஆனால் எங்களுக்கு நிறைவு தந்தது ஒரு மெக்சிகோக் குடும்பத்தின் சாலையோரக் கடைதான். பன்றிக் கொழுப்பு சேர்க்காத பீன்ஸ் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டோம். சோளத் தோசைபோன்ற டார்ட்டியாவில் அதை வைத்துச் சுற்றிக் கொடுத்தார்கள். அத்தை இரண்டாவதும் வாங்கிக்கொண்டார். செம்மரக் காட்டைத் தாண்டிக் கடற்கரையில் ஃபோர்ட் பிராக். மரம் அறுக்கும் ஆலையால் வாழ்ந்த ஊர். அந்த ஆலை 2002இல் மூடியபின் சுற்றுலாதான் சோறு போடுகிறது. 1988இல் தொடங்கிய நார்த் கோஸ்ட் ஆலை அதற்குத் தோள்கொடுக்கிறது.

இன்று அமெரிக்காவில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பீர் ஆலைகள் இருக்கின்றன. ஆனாலும் சிறு ஆலைகள் நிலைத்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். சான் ஃபிரான்சிஸ்கோவின் ‘ஆங்கர்’ ஆலையை 1965இல் ஃபிரிட்ஸ் மேட்டாக் மூழ்காமல் தூக்கி நிறுத்தி, இந்த இயக்கத்துக்கே வழிகாட்டினார். பின்னாளில் ஒரு பெருநிறுவனத்தின் கைக்குப் போன அது, 2023இல் கதவைச் சாத்தியது. 101ஆம் நெடுஞ்சாலைப் பக்கம் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குடிக்காத ஒருவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுங்கள், பெரியவர்களைக் காரிலேயே உட்கார வைக்காமல் உள்ளே கூட்டிப்போங்கள், சாப்பாட்டை அந்த ஊர்க்காரர் கடையிலேயே சாப்பிடுங்கள். சாண்டா ரோசாவில் ரஷ்யன் ரிவர் உணவகத்துக்குள் போனால் கொஞ்சம் தலைநிமிர்ந்து பாருங்கள். மெக்காலிஃபின் நியூ ஆல்பியன் பெயர்ப்பலகையை அங்கேதான் மாட்டிவைத்திருக்கிறார்கள்.