பாதணியும் பாலாறும்

ஒரு நாட்டின் இறக்குமதிச் சட்டம் யாரைக் காக்கிறது? தோற்பொருள்களின் அண்மைக்கால வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகிறது.

தோலில் பூஞ்சணம் பிடியாதிருக்கச் சேர்க்கப்பட்டுவந்த பென்டாகுளோரோபீனோல் என்னும் நஞ்சை 1989 இல் ஜேர்மனி தடைசெய்தது. கிலோகிராமுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் அது கலந்த பொருள் அந்நாட்டுச் சந்தையில் நுழைய முடியாதாயிற்று. தமிழ்நாட்டுத் தோல் முதலாளிகள் கலங்கினர். பின்னர் மாற்று மருந்தைக் கையாண்டனர். சந்தையை இழக்கும் அச்சம் அத்துணை வலியது.

ஆயினும் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றுப் படுகையிற் கலந்துகொண்டேயிருந்தது. பாதணியைச் சோதித்தவர்கள் அதனைச் செய்த ஊரின் கிணற்றைச் சோதிக்கவில்லை. தோல் பதனிடும் அவ்வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேயர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழாயிற்றென, 1996 ஆகஸ்ட் 28 இல் வழங்கிய தீர்ப்பில் இந்திய உச்ச நீதிமன்றம் குறித்தது. மாசுபடுத்தியவனே ஈடுசெய்ய வேண்டும் என்ற அத்தீர்ப்பைப் பெற்றுத் தந்தது ஐரோப்பியச் சந்தையன்று. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கேயாகும்.

2015 இல் ஐரோப்பிய ஒன்றியம் ஆறு வலுவளவுக் குரோமியத்துக்குக் கிலோகிராமுக்கு 3 மில்லிகிராம் என்ற எல்லையை நடைமுறைப்படுத்தியது. அதுவும் உடலிற் படும் தோற்பொருளுக்கே விதிக்கப்பட்டது.

அணிபவனின் பாதத்தைக் காக்கும் சட்டம் வேண்டியதே. உழவனின் கிணற்றையும் தொழிலாளியின் கையையும் காக்கும் சட்டமோ, மக்கள் போராடினாலன்றிக் கிடைப்பதில்லை.