மெழுகுத் தட்டு முதல் செல்போன் வரை

1902 நவம்பர், கல்கத்தா. கௌஹர் ஜான் ஒரு பெரிய உலோகக் கூம்புக்கு முன்னால் பாடுகிறார். மைக் கிடையாது, கரண்ட் கிடையாது. குரலின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கோடு கீறுகிறது. பாட்டு எதுவானாலும் சுமார் மூணு நிமிஷத்துக்குள் முடிச்சாகணும்.

மெழுகு மென்மையானது. சில தடவை ஓட்டினாலே தேய்ந்துவிடும். அதனால் அதன்மேல் உலோக முலாம் ஏற்றி அச்சு எடுத்து, அரக்குக் கலவையில் இசைத்தட்டுகளை அழுத்தி எடுத்தார்கள். அதற்காக மெழுகுத் தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவர் வரை கப்பலில் போயின. 1908-ல்தான் கல்கத்தா சியால்தாவில் ஆலை வந்தது.

இதில் என்னைக் கவர்ந்தது நகல்தான். 1877-ல் எடிசன் வெள்ளீயத் தாளில் பதித்த ஒலி ஒற்றைப் பிரதி. தாள் கிழிந்தால் போச்சு. பெர்லினரின் தட்டோ ஒரே அச்சிலிருந்து ஆயிரக்கணக்கில் பிறந்தது. பல வீடுகளில் சிதறிக் கிடந்ததால்தான் கௌஹர் ஜானின் குரல் இன்றும் யூடியூபில் கேட்கிறது. எங்க ஐடி பாஷையில் சொன்னால், பேக்கப்!

சரி, இதுக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் என்ன சம்பந்தம்? 2006-லிருந்து 2014 வரை இங்கே நோக்கியா போன்கள் தயாராயின, இன்று ஐபோன்கள். ஒவ்வொன்றும் ஒரு ஒலிப்பதிவுக் கருவி. அன்று கப்பலேறிய வேலை இன்று பாக்கெட்டுக்குள் நடக்குது. ஆனால் பதிந்த குரல் பெரும்பாலும் அந்த ஒரு போனில் மட்டுமே இருக்கு, எடிசனின் தாள் மாதிரி.

உங்கள் போனில் பாட்டியின் தாலாட்டு இருக்கா? இன்றைக்கே தம்பி, தங்கைக்கும் அனுப்பி வையுங்க.