அற்ப அளவைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்

மிக அற்பமான அளவைச் சுட்டும் ஆங்கிலச் சொற்களுட் பல, நிறுவை, நாணயம், எழுத்து முதலியவற்றில் ஜனித்து, காலக்கிரமத்தில் திட்டமான அளவை இழந்து உருவகமாயினவாம். தானியமணியைக் குறிக்கும் 'கிரெய்ன்' பழைய மருந்தாளர் நிறுவையின் அடிப்படை அலகு. அவை இருபது கூடின் ஒரு 'ஸ்க்ரூப்பிள்'. கல்கத்தாவில், கிழக்கிந்தியக் கம்பெனி அரசாங்கம் 1833இல் தோலா என்னும் நிறுவையை 180 கிரெய்னாக நிர்ணயித்தது. ரூபாயில் 192இல் ஒரு பங்கான 'பை'யும் அற்பத்துக்கு அடையாளமாயிற்று. மதுபானத்தின் சிறு அளவோ, இந்துஸ்தானி அடைமொழியுடன் 'சோட்டா பெக்' எனப்பட்டது; அதை அருந்தியவர் அனைவரும் அற்பத்தோடு நின்றனர் என்று கொள்வதற்கில்லை. தென்னாட்டுச் சிறுநாணயமான 'கேஷ்' நம் காசே. முற்காலச் சென்னையில் அவை எண்பது சேர்ந்து 'பணம்' என்னும் ஒரு நாணயம்.

கிரேக்க நெடுங்கணக்கின் மிகச் சிறிய எழுத்திலிருந்து பிறந்த 'அயோட்டா', 'ஜாட்' இரண்டும், நம் 'இம்மியளவும்', 'எள்ளளவும்' என்பன போல, பெரும்பாலும் எதிர்மறையையே நாடும். சமையற்கட்டில் உப்புக்குப் 'பிஞ்ச்', திரவத்துக்கு 'டேஷ்' உரியன. 'டேட்' மட்டும் பெயரடைக்கு முன்னின்று, அதன் கடுமையைத் தணித்து, மரியாதைக்கும் துணைபுரியும்.