'ஹீ' என்றால் யார்?

2024 வரை நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு ஒரே ஒரு வாக்கியம். 'ஹீ' என்ற சுட்டுப்பெயர் ஆண், பெண் எவரையும் குறிக்கும் என்பது அதன் சாரம். 511 பிரிவுகள் கொண்ட அந்தச் சட்டத்தில் திருடுவதும் ஏமாற்றுவதும் 'ஹீ'தான். தேர்வில் கேட்க மாட்டார்கள் என்று சட்டக் கல்லூரியில் அந்தப் பிரிவைத் தாண்டிப் போனோம். தொழிலுக்கு வந்து, பெண் கைதிகளுக்கு ஜாமீன் மனு போடத் தொடங்கியபோதுதான் அதன் கனம் உறைத்தது. 'ஹீ' என்ற சொல்லுக்குள் அடங்கித்தான் அந்தப் பெண்கள் சிறைக்குப் போயிருந்தார்கள்.

ஆனால், 'எவராவது ஒருவர்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லுக்குப் பின் வரைவில் 'தே' என்று எழுதினால் சில சீனியர்கள் உடனே அடித்துவிடுவார்கள். ஒருமைக்குப் பன்மைச் சுட்டு ஆகாது, அது இந்தக் காலத்துப் பிழை என்பார்கள். காலக்கணக்கே இங்கே தலைகீழாக இருக்கிறது.

'தே' என்ற சொல்லே ஸ்காண்டிநேவியரிடமிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதை இன்னாரென்று சொல்லாத ஒருவருக்கு வழங்குவது 14-ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தில் கிடைக்கிறது. சாசர் எழுதினார், ஷேக்ஸ்பியர் எழுதினார், ஜேன் ஆஸ்டின் தன் நாவல்களில் தாராளமாக எழுதினார். யாரும் தடுமாறவில்லை.

தடை வந்தது 18-ஆம் நூற்றாண்டில். லத்தீன் இலக்கணத்தை அளவுகோலாக வைத்து ஆங்கிலத்தைத் திருத்தப் பலர் கிளம்பிய காலம் அது. இரு பாலுக்கும் பொதுவான பெயருக்கு ஆண்பாற் சுட்டே பொருந்தும் என்ற விதியை முதலில் அச்சிட்டவர்களில் ஒருவர், நியூகாசிலில் பள்ளி நடத்திய ஆன் ஃபிஷர் என்ற பெண்மணி. 1795-இல் யார்க் நகரில் லிண்ட்லி மரே ஓர் இலக்கண நூல் வெளியிட்டார். பெண்கள் பள்ளி ஒன்றுக்காக எழுதப்பட்ட அந்த நூல் பிறகு லட்சக்கணக்கில் விற்றது. ஒருமைக்கு வந்த 'தே'யைப் பிழையென்று காட்டி, 'ஹீ' போட்டுத் திருத்தச் சொல்லியது. எண் மாறக் கூடாது என்பதற்காகப் பாலை மாற்றினார்கள். எண்ணில் வரும் பிழை மட்டும் பிழை, பாலில் வரும் பிழை பிழையில்லை என்று யார் முடிவு செய்தது?

இத்தனைக்கும் ஆங்கிலத்தில் 'யூ'வும் ஒரு காலத்தில் பன்மைதான். அதை ஒருவருக்குச் சொல்வது தவறென்று குவேக்கர் சமயத் தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் 1660-இல் புத்தகமே போட்டார். வழக்கு அவரைத் தாண்டிப் போய்விட்டது. நம் தொல்காப்பியர் இந்த இடத்தில் எவ்வளவு நிதானமானவர்! ஒருவரைப் பன்மையால் சொல்வது உலக வழக்கில் வரும் உயர்சொல், இலக்கண நெறிப்படி வருவதன்று என்று கிளவியாக்கத்தில் பிரித்துச் சொல்லிவிட்டு, வழக்கை வழக்காகவே விட்டுவைத்தார்.

பள்ளி விதி 1850-இல் சட்டமானது. நாடாளுமன்றச் சட்டங்களின் வாசகத்தைச் சுருக்க வந்த பிரிட்டிஷ் சட்டம், ஆண்பாற் சொற்கள் பெண்களையும் உள்ளடக்கும் என்றது. சொல்லுக்குச் சொல் 'ஹீ ஆர் ஷீ' என்று எழுத வேண்டியதில்லை, மை மிச்சம். இதை நம்பித்தான் 1868-இல் மான்செஸ்டரில் 5,346 பெண்கள் வாக்குரிமை கேட்டு வழக்குக்குப் போனார்கள். வாக்குரிமைச் சட்டத்தில் இருந்தது 'மேன்' என்ற ஆண்பாற் சொல். 1850 சட்டப்படி அதில் நாங்களும் அடக்கம் என்பது அவர்கள் வாதம். சோர்ல்டன் எதிர் லிங்ஸ் என்ற அந்த வழக்கில், 'மேன்' பெண்ணைக் குறிக்காது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அமெரிக்காவில் சூசன் பி. ஆண்டனி 1872 தேர்தலில் வாக்களித்ததற்காகக் கைதானார். 'ஹீ' எங்களைக் குறிக்காது என்றால் வரிச் சட்டமும் குற்றச் சட்டமும் எங்களை எப்படிக் கட்டுப்படுத்தும் என்று மேடைகளில் கேட்டார். 100 டாலர் அபராதம் விதித்தார்கள். அவர் கட்டவேயில்லை.

என்னை அதிகம் வருத்துவது 1916-இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நடந்தது. ரெஜினா குஹா சட்டம் படித்துத் தேறியவர். அலிப்பூர் மாவட்ட நீதிமன்றத்தில் பிளீடராகப் பதிவு செய்ய விண்ணப்பித்தார். 1879-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் 'ஹீ' என்றுதான் பேசியது. ஆண்பாற் சொல் பெண்ணையும் சேர்க்கும் என்று 1897-ஆம் ஆண்டு பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறதே என்பது அவர் தரப்பு. ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து கேட்டு, பெண்ணுக்கு இடமில்லை என்றார்கள். 1921-இல் பாட்னாவில் சுதான்ஷு பாலா ஹஸ்ராவுக்கும் அதே பதில். 1923-இல் பெண்களுக்கென்றே தனிச் சட்டம் இயற்றித்தான் அந்தக் கதவைத் திறந்தார்கள். நான் கறுப்புக் கோட்டு போட்டு நிற்பது அந்தச் சட்டம் திறந்த வழியில்.

அதே ஆண்டுகளில், இதே நாட்டில், தண்டனைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி பெண்கள் தண்டனை பெற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். குற்றவாளிக் கூண்டில் ஏறும்போது 'ஹீ' பெண்ணைச் சேர்த்துக்கொண்டது. வக்கீல் மேஜைக்கு வரும்போது கைவிட்டது. பொதுச் சொல் என்று அதை இனியும் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

பிரிட்டனில் 2007 முதல் அரசு மசோதாக்களைப் பால் சாராமல் எழுதுகிறார்கள். இங்கே தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, 2-ஆம் பிரிவின் 10-ஆம் உட்பிரிவில், 'ஹீ' ஆணையும் பெண்ணையும் திருநரையும் குறிக்கும் என்கிறது. திருநரைப் பெயர் சொல்லிச் சேர்த்தது நல்ல காரியம். ஆனால் சேர்த்த இடம் அதே 'ஹீ'.

'தே' போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. கூட்டு வணிக ஒப்பந்தத்தில் 'தே' என்றால் ஒரு பங்குதாரரா, எல்லாப் பங்குதாரருமா என்ற குழப்பம் நிஜமாகவே வரும். அதை வைத்தே எதிர்த்தரப்பு வருடக்கணக்கில் வழக்கை இழுக்கலாம். அந்த மாதிரி ஷரத்துகளில் என் ஜூனியர்களிடம் சுட்டுப்பெயரே வேண்டாம், 'பங்குதாரர்' என்பதையே திரும்ப எழுதுங்கள் என்று சொல்கிறேன். ஆள் ஒருவர்தான் என்பது வாக்கியத்திலேயே தெளிவாக இருக்கும் இடங்களில் 'தே' எழுதச் சொல்கிறேன். இலக்கணப் பிழை என்று யாராவது அடித்துத் திருப்பினால், திருத்தாமல் அதே வரைவை மறுபடி அனுப்புகிறோம்.