ஆசையா பிடிச்ச மீனை ஏன் திரும்பக் கடலில் விடுறாங்க? ஃப்ளோரிடா கரையின் ‘ஸ்னூக்’ கணக்கு

தூண்டில் வீடியோக்களை அடிக்கடி பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். முழங்கால் அளவுத் தண்ணீர், பக்கத்தில் அடர்ந்த அலையாத்தி மரங்கள். ஒருவர் பத்து நிமிஷம் போராடி மூன்றடி நீள மீனைக் கரைக்குக் கொண்டு வருகிறார். அளவு பார்க்கிறார், ஒரு போட்டோ எடுக்கிறார், அப்படியே தண்ணீரில் விட்டுவிடுகிறார். பார்க்கிற நமக்குத்தான் வயிறு எரியும். ஒரு வீட்டுக்கே குழம்புக்கு ஆகியிருக்குமே!

அவர் விட்டது பெருந்தன்மையால் மட்டும் இல்லை. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் அந்த மீனை வீட்டுக்கு எடுத்துப் போனால் அது குற்றம். சின்ன மீனை விடச் சொன்னால் புரிகிறது, பெரிய மீனையும் ஏன் விட வேண்டும்? இந்தக் கேள்விக்கான பதில் ஸ்னூக் என்ற மீனின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது.

நம்ம கொடுவாவுக்குத் தூரத்து உறவு

ஸ்னூக்கை முதல்முறை பார்க்கும் தமிழர் யாரும் ‘இது கொடுவா மாதிரி இருக்கே’ என்றுதான் சொல்வார்கள். அதே குழிந்த நெற்றி, அதே நீண்ட கீழ்த்தாடை. உடம்பின் நடுவே செவுளில் இருந்து வால் வரை ஓடும் ஒரு கறுப்புக் கோடுதான் பெரிய வித்தியாசம். உயிரியல்படியும் இரண்டும் நெருங்கிய குடும்பங்கள். கழிமுகத்தில் வளர்வது, உப்புநீருக்கும் நன்னீருக்கும் மாறி மாறிப் போவது, மறைவில் நின்று இரை மேல் பாய்வது என்று குணமும் அப்படியே.

இன்னொரு முக்கியமான ஒற்றுமையும் உண்டு. இரண்டுமே ஆணாக வாழ்க்கையைத் தொடங்கி, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறுபவை. ஸ்னூக் குஞ்சுகள் ஆணாக முதிர்ச்சி அடைகின்றன. சில வருடங்களில் அவற்றில் ஒரு பகுதி பெண்ணாகிறது. எந்த வயதில், எந்த நீளத்தில் மாறும் என்பது மீனுக்கு மீன் வேறுபடும். ஆனால் 84 சென்டிமீட்டரைத் தாண்டிய ஸ்னூக் என்றால் அது ஏறக்குறைய நிச்சயமாகப் பெண்தான்.

அதனால், ‘குட்டியை விடு, பெரிசைப் பிடி’ என்ற வழக்கமான நியாயம் இங்கே வேலைக்கு ஆகாது. பெரியதை மட்டும் பிடித்துக்கொண்டே போனால், கடலில் ஆண்கள் மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

28-க்கும் 33-க்கும் நடுவே

இதற்கு ஃப்ளோரிடா கண்ட வழிதான் ‘ஸ்லாட்’ என்கிற இடைப்பட்ட அளவு. மெக்சிகோ வளைகுடாப் பக்கம் 28 முதல் 33 அங்குலம், அட்லான்டிக் பக்கம் 28 முதல் 32 அங்குலம். சென்டிமீட்டரில் சொன்னால் சுமார் 71-இல் இருந்து 84 வரை. இதற்குக் கீழே இருந்தாலும் விட வேண்டும், மேலே இருந்தாலும் விட வேண்டும். நடுவில் சிக்கியதிலும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு மீன்தான். வாயை மூடி, வால் துடுப்பை ஒடுக்கி அளக்க வேண்டும் என்பது வரை விதி இருக்கிறது. கால் அங்குலம் கூடினாலும் கதை முடிந்தது.

28 அங்குலத்தை எட்டும் முன்பே பெரும்பாலான மீன்கள் ஒரு முறையாவது இனப்பெருக்கத்தில் பங்கெடுத்திருக்கும். 33-ஐத் தாண்டியவை லட்சக்கணக்கில் முட்டையிடும் தாய் மீன்கள். நடுவில் இருக்கும் அந்த ஐந்து அங்குலம்தான் மனிதர்களுக்கான பங்கு.

அளவு மட்டும் சரியாக இருந்தால் போதாது. டாம்பா விரிகுடாப் பகுதியில் ஸ்னூக்கை எடுத்துப் போக மார்ச், ஏப்ரல், பிறகு செப்டம்பர் முதல் நவம்பர் வரைதான் அனுமதி. கோடை முழுக்கத் தடை, ஏனென்றால் அப்போதுதான் அவை முகத்துவாரங்களில் கூட்டமாகக் கூடி முட்டையிடும். தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறதே, அது விசைப்படகுகளுக்கானது. அங்கே தடை படகுக்கு இல்லை, மீனுக்கு. தடை மாதங்களிலும் தூண்டில் போடலாம், பிடிக்கலாம், விட்டுவிட வேண்டும்.

இதற்கெல்லாம் லைசென்ஸும் வேண்டும். மாநிலவாசிகளுக்கு கடல் மீன்பிடி லைசென்ஸ் வருடத்துக்கு 17 டாலர், வெளியூர்க்காரர்களுக்கு 47 டாலர். ஸ்னூக்கை எடுத்துப் போகணும்னா அதற்குத் தனியாக 10 டாலர் அனுமதி. கரையில் நின்றபடி மட்டும் பிடிக்கும் மாநிலவாசிக்குக் கட்டணம் இல்லை, ஆனால் சீட்டு வாங்கியிருக்க வேண்டும்.

எங்கே, எப்போது கிடைக்கும்?

வளைகுடாப் பக்கம் ஏற்றவற்றம் பெரிதாக இருக்காது. டாம்பா பகுதியில் வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனாலும் எல்லாம் அதை வைத்துத்தான். தண்ணீர் நகர்ந்தால் மீன் தின்னும், நின்றால் மீனும் நின்றுவிடும். நீர் ஏறும்போது ஸ்னூக் அலையாத்தி வேர்களுக்குள் புகுந்துகொள்கிறது. வற்றும்போது குஞ்சு மீன்களும் இறாலும் வேர்களை விட்டு வெளியே வந்தாக வேண்டும். ஸ்னூக் வாசலில் காத்திருக்கும். அனுபவசாலிகள் தூண்டில் போடுவதும் அந்த வாசலில்தான். ராத்திரியில் படகுத்துறை விளக்குகளுக்கு அடியில் நிழலோரம் நிற்கும்.

கோடையில் கடற்கரை ஓரமாகவே நீந்தும், கரையில் நடந்துகொண்டே கண்ணால் பார்த்து இரை வீசலாம். குளிர்காலத்தில் ஆறுகளுக்குள்ளும் ஆழமான கால்வாய்களுக்குள்ளும் ஒதுங்கிவிடும். மின்நிலையங்கள் வெளியேற்றும் வெதுவெதுப்பான தண்ணீரைத் தேடி கடல் பசுக்கள் வருவது போல இதுவும் வரும்.

ஸ்னூக்கோடு சேர்த்துக் கரையோரத்தில் பேசப்படும் இன்னும் மூன்று பேர் உண்டு. கடற்புல் திட்டுகளில் கிடைக்கும் புள்ளி ட்ரவுட். வாலில் கறுப்புப் பொட்டு உள்ள ரெட்ஃபிஷ், இதற்கு 18 முதல் 27 அங்குலம் என்று தனி ஸ்லாட். அப்புறம் ஆளை விடப் பெரிதாக வளரும் டார்ப்பன். மே, ஜூன் மாதங்களில் போகா கிராண்டே முகத்துவாரத்தில் டார்ப்பன் கூட்டம் கூடும்போது படகுக் கூட்டமும் கூடும். 2013-க்குப் பிறகு டார்ப்பனைப் பிடித்து விடுவது மட்டும்தான் அனுமதி. 40 அங்குலத்துக்கு மேல் இருந்தால் தண்ணீரை விட்டுத் தூக்கவே கூடாது.

விட்டால் பிழைக்குமா?

நியாயமான சந்தேகம். ஃப்ளோரிடாவில் ஸ்னூக்கை வைத்து நடந்த ஆய்வில், விடப்பட்ட மீன்களில் இறந்தவை நூற்றுக்கு இரண்டு என்ற அளவில்தான் இருந்தன. ஆனால் அது ஒழுங்காக விட்டால் வருகிற கணக்கு. முள் தொண்டைக்குள் போயிருந்தாலோ, நீண்ட நேரம் வெளியே வைத்து போட்டோ எடுத்தாலோ, தாடையில் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டாலோ பெரிய மீன் தாங்காது. கோடையில் தண்ணீரே 30 டிகிரியைத் தொடும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் களைத்த மீனுக்கு மூச்சு திரும்ப நேரமாகும். அதனால்தான் உயிர் இரை போடும்போது வளைந்த ‘சர்க்கிள்’ முள்ளைச் சொல்கிறார்கள். அது பெரும்பாலும் வாயோரத்தில்தான் மாட்டும்.

விலை கொடுத்தவர்கள் யார்?

இந்த ஏற்பாட்டை வெறும் இயற்கைப் பாதுகாப்புக் கதையாகச் சொன்னால் பாதிதான் சொன்ன மாதிரி. ஃப்ளோரிடாவில் ஸ்னூக்கை விற்க 1957-இலேயே தடை வந்துவிட்டது. தோலோடு சமைத்தால் சோப்பு வாசனை அடிக்குது என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்ட மீன் அது. இன்று எந்த ஓட்டலிலும் உள்ளூர் ஸ்னூக் கிடையாது. தின்ன வேண்டும் என்றால் நீங்களே பிடிக்க வேண்டும்.

1980-களில் ரெட்ஃபிஷ்ஷுக்கு வேறு மாதிரி ஆபத்து வந்தது. நியூ ஆர்லியன்ஸ் சமையல்காரர் பால் ப்ரூடோம் மசாலா தடவிக் கருக்கிச் செய்த ரெட்ஃபிஷ் நாடு முழுக்கப் பிரபலமாகி, வளைகுடாவில் அந்த மீனையே அரித்தெடுத்தார்கள். கட்டுப்பாடுகள் வந்த பிறகுதான் மீன் திரும்பியது.

பெரிய வெட்டு 1994 நவம்பரில் விழுந்தது. கரையோரக் கடலில் செவுள் வலைகளைத் தடை செய்யும் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு ஃப்ளோரிடா மக்கள் பத்தில் ஏழு பேருக்கும் மேல் ஆதரவாக வாக்களித்தார்கள். 1995 ஜூலை 1 முதல் அமல். பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள் கொண்டாடினார்கள். தலைமுறையாக மடவை மீனை நம்பி வாழ்ந்த கார்டெஸ் போன்ற மீனவ ஊர்களுக்கு அது இடி. அரசு வலைகளை விலைக்கு வாங்கிக்கொண்டது, வலையோடு போன தொழிலை யாராலும் வாங்கித் தர முடியவில்லை. மிஞ்சியது வீச்சுவலை. இன்று அதே வீச்சுவலையைச் சுற்றுலாப் படகின் கேப்டன் காலையில் வீசுகிறார், தூண்டிலுக்கு உயிர் இரை பிடிக்க. அந்தப் படகில் அரை நாள் போக சில நூறு டாலர் ஆகும்.

விதி மட்டும் காப்பாற்றுமா?

2010 ஜனவரியில் அதற்குப் பதில் கிடைத்தது. பத்து நாளுக்கு மேல் நீடித்த குளிர் அலையில் கரையோரத் தண்ணீர் சில்லிட்டுப் போனது. ஸ்னூக் வெப்ப நாட்டு மீன், நீர் சுமார் 10 டிகிரிக்கு இறங்கினால் செத்துவிடும். கால்வாய்களில் பெரிய பெரிய மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. ஸ்லாட் அளவுக்குக் குளிர் கட்டுப்படவில்லை. வளைகுடாப் பக்கம் ஸ்னூக்கை எடுத்துப் போக விதித்த தடை 2013 வரை நீடித்தது.

அடுத்த அடி ‘ரெட் டைட்’. கரேனியா ப்ரெவிஸ் என்ற நுண்பாசி பெருகி நஞ்சைக் கக்கும் நிகழ்வு இது. 2017 இறுதியில் தொடங்கி 2019 ஆரம்பம் வரை தென்மேற்குக் கரையை உலுக்கியது. 2018 ஆகஸ்டில் ஆளுநர் அவசரநிலை அறிவித்தார். ஸ்னூக், ரெட்ஃபிஷ் இரண்டையும் அந்தப் பகுதியில் பிடித்து விட மட்டும்தான் அனுமதி என்றானது. கிழக்குப் பக்கம் இந்தியன் ரிவர் காயலில் பிரச்சினை வேறு. கழிவால் நீர் கலங்கி, கடற்புல் அழிந்துபோனது. 2021-இல் மாநிலம் முழுக்க 1,100 கடல் பசுக்கள் செத்தன. பல பட்டினியால். 2022 செப்டம்பரில் அந்தக் காயலில் ரெட்ஃபிஷ் ஒன்றுகூட எடுத்துப் போகக் கூடாது என்று விதி வந்தது. தூண்டில்காரர் மீது விதி போடுவது சுலபம், கழிவுக் குழாய் மீது போடுவது அவ்வளவு சுலபம் இல்லை போல.

இதற்கு நடுவே ஸ்னூக் தானாகவே இடம் மாறிக்கொண்டிருக்கிறது. கடுங்குளிர் குறையக் குறைய, முன்பு அரிதாகத் தென்பட்ட வடக்குக் கரைக்கும் ஏறிவிட்டது. டாம்பாவுக்கு வடக்கே சீடர் கீ தீவுகளில் அலையாத்தியும் பரவுகிறது, ஸ்னூக்கும் அங்கேயே தங்கி முட்டையிடுகிறது. அங்கே ரெட்ஃபிஷ்ஷுக்குத் தூண்டில் போடுபவர்கள் இப்போது ஸ்னூக் விதியையும் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.