வெண்கலச் சிறுமியும் வெற்று நாற்காலியும்

ஊர்தோறும் சிலைகள் உண்டு. வாளுயர்த்திய வேந்தன், குதிரைமீது வீற்றிருக்கும் படைத்தலைவன், வெற்றிக் கொடி பிடித்த வீரன்! எல்லாரும் உயர்ந்த பீடத்தின்மீது. நாம் அண்ணாந்து பார்க்க வேண்டும். பார்த்துப் பணிய வேண்டும். அந்தச் சிலைகள் நம்மிடம் எதிர்பார்ப்பது அவ்வளவே.

பணியச் சொல்லாத சிலை ஒன்று உண்டு. தென்கொரியத் தலைநகர் சியோலில், ஜப்பானியத் தூதரகத்தின் எதிரே, 2011 டிசம்பர் 14 அன்று அது நிறுவப்பட்டது. வெண்கலத்தாலான சிறுமி ஒருத்தி நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். அருகே மற்றொரு நாற்காலி; அது வெறுமையாக இருக்கிறது. வழிப்போக்கர் எவரும் அதில் அமரலாம். அமர்ந்தால், அவள் பார்க்கும் திசையை நாமும் பார்ப்போம். அவள் கேட்கும் கேள்வியை நாமும் கேட்போம்.

அவளை வடித்தவர்கள் கணவனும் மனைவியுமான இரு சிற்பிகள்: கிம் உன்-சங், கிம் சியோ-கியுங். இருவர் பெயரிலும் கிம் இருப்பதால், கணவன் பெயரை மனைவி ஏற்றுக்கொண்டாள் என்று எண்ணிவிட வேண்டாம். மணமானபின்னும் பெண் தன் குடும்பப் பெயரை விடாதிருப்பது கொரிய நாட்டு வழக்கம். இருவரும் சுங்-ஆங் பல்கலைக்கழகத்தில் சிற்பம் பயின்றவர்கள்.

அவர்கள் ஏன் இச்சிலையைச் செய்தார்கள்? அதை அறிய இருபதாண்டு பின்னே செல்ல வேண்டும்.

1991 ஆகஸ்ட் 14. கிம் ஹாக்-சுன் என்ற மூதாட்டி செய்தியாளர் முன் வந்து நின்றார். பதினேழு வயதில் தம்மை ஜப்பானியப் படையினர் இழுத்துச் சென்றதையும், படையினரின் காமத்துக்குத் தாம் இரையாக்கப்பட்டதையும் தம் பெயர் சொல்லி, முகம் காட்டி உரைத்தார். ஆசிய நாடுகள் பலவற்றிலிருந்து எண்ணற்ற இளம்பெண்களுக்கு இக்கொடுமை இழைக்கப்பட்டது. படை அவர்களுக்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? ‘ஆறுதல் மகளிர்’! யாருக்கு ஆறுதல்? யாருடைய கண்ணீரில் ஆறுதல்?

போர் 1945-இல் முடிந்தது. ஆனால் அப்பெண்கள் வாய் திறக்க நாற்பத்தாறு ஆண்டுகள் ஆயின. ஏன்? கெடுத்தவனை விட்டுவிட்டுக் கெடுக்கப்பட்டவளைத் தூற்றும் சமூகம் அவர்களைச் சூழ்ந்திருந்தது. கற்பு என்னும் பூட்டைப் பெண்ணின் வாய்க்குப் போட்டு, சாவியை ஆண் வைத்துக்கொண்டிருந்தான். அப்பூட்டை உடைத்தது அந்த மூதாட்டியின் ஒரு சொல். அதன்பின் தென்கொரியாவில் மட்டும் ஏறத்தாழ 240 பெண்கள் அரசிடம் தம்மைப் பதிவு செய்துகொண்டார்கள்.

1992 சனவரி 8 முதல், புதன்கிழமைதோறும் அவர்கள் தூதரகத்தின் முன் கூடினார்கள். 1993-இல், பெண்களைத் திரட்டியதில் தன் படைக்குப் பங்குண்டு என ஜப்பானிய அரசு அறிக்கை வாயிலாக ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. ஆயினும் அவர்கள் கேட்டது சட்டப் பொறுப்பேற்பு, அது வரவில்லை. புதன்கிழமைகள் தொடர்ந்தன. மூதாட்டியர் ஒவ்வொருவராக மறைந்தனர். கிம் ஹாக்-சுன் 1997-இல் கண்மூடினார்.

ஆயிரமாவது புதன்கிழமை நெருங்கியபோது, போராட்டத்தை நடத்திய அமைப்பினர் நினைவுக்கல் ஒன்று நாட்ட விரும்பினர். சிற்பியரோ, கல் போதாது, சிலை வேண்டும் என்றனர். மூதாட்டி ஒருவர் கைத்தடியை ஓங்கி அதட்டுவதுபோல் வடிக்கலாம் என்பது கணவரின் முதல் எண்ணம். இழுத்துச் செல்லப்பட்ட நாளில் அவர்கள் சிறுமியர் அல்லரோ, சிறுமியாகவே வடிப்போம் என்றவர் மனைவி. இருவர் கையும் சேர்ந்து உழைத்தது. அடிப்படைக் கருத்தைத் தந்தது பெண்ணின் சிந்தனை.

சிலையை உற்று நோக்குங்கள். பின்னப்பட வேண்டிய கூந்தல் ஒழுங்கின்றி வெட்டப்பட்டிருக்கிறது: வீட்டிலிருந்து பிய்த்தெடுக்கப்பட்டவள் அவள். வெறுங்கால், குதிகால்கள் தரையில் படவில்லை: தாயகம் திரும்பியும் காலூன்ற இடம் கிடைக்காதவள். தோளில் ஒரு சிறு பறவை. தரையில் விழும் நிழலோ சிறுமியின் நிழலன்று. கூன் விழுந்த கிழவியின் நிழல்! முதலில் கைகள் மெல்லக் கோத்திருந்தன. சிலை கூடாது என்று ஜப்பானிய அரசு நெருக்குதல் தந்த செய்தி வந்ததும், சிற்பியர் அக்கைகளை இறுக மூடிய முட்டிகளாக மாற்றினர். தடுக்க வந்தவர்களே அச்சிலைக்கு உறுதி ஊட்டினார்கள்!

நான் பள்ளி ஆசிரியன். அச்சிறுமியின் வயதில் மாணவியர் என் வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அதனால்தான் அந்தக் குதிகால்களை என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை.

2013-இல் அதே உருவம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கிளெண்டேல் நகரப் பூங்காவில் அமர்ந்தது. அதை அகற்றக் கோரி வழக்குத் தொடுத்தனர், வழக்கு தோற்றது. 2015 டிசம்பர் 28 அன்று இரு அரசுகளும் உடன்பாடு செய்துகொண்டபோது, ஜப்பான் 100 கோடி யென் தர இசைந்தது; சியோல் சிலை குறித்த ஜப்பானின் மனக்குறையைத் தீர்க்க முயல்வதாகக் கொரிய அரசு கூறியது. மூதாட்டியரைக் கலந்துகொள்ளாமலே முடித்த உடன்பாடு அது! மாணவர்கள் கொதித்தெழுந்தனர். கடுங்குளிரில், இரவும் பகலும் சிலையருகே காவல் இருந்தனர். மக்கள் அச்சிறுமிக்குக் கம்பளித் துண்டு சுற்றினார்கள், குல்லாய் அணிவித்தார்கள். அது வழிபாடன்று; பரிவு. அருள் வேண்டி அவர்கள் வரவில்லை. நீதி வேண்டி வந்தார்கள்.

இங்கே ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: “அயலான் குற்றத்தைக் காட்டுவது எளிது. தம் நாட்டின் குற்றத்தைக் காட்டுவார்களா இந்தச் சிற்பிகள்?”

காட்டினார்கள்! வியட்நாம் போரில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தென்கொரியப் படையினர் போரிட்டனர். 1968 பிப்ரவரி 12 அன்று, போங் நி, போங் நாட் என்னும் சிற்றூர்களில் எழுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் அடக்கம். கொரியர் பேச விரும்பாத வரலாறு இது. அதே கணவனும் மனைவியும், பெயர்கூடச் சூட்டப்படாமல் மாண்ட மழலையை ஏந்தி அணைக்கும் அன்னையின் சிலையை வடித்தனர். வியட்நாமிய மொழியில் அதற்கிட்ட பெயரின் பொருள் ‘இறுதித் தாலாட்டு’. 2017 ஏப்ரலில் கொரியாவின் ஜெஜு தீவில், காங்ஜியோங் ஊரில் அது நிறுவப்பட்டது. 2023 பிப்ரவரியில், அப்படுகொலையில் உயிர்தப்பிய பெண்ணுக்குக் கொரிய அரசு இழப்பீடு தர வேண்டும் என்று சியோல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பகைவன் செய்தால் கொடுமை, நம்மவன் செய்தால் வீரம் என்பது பற்று, அறமன்று. முதல் சிலையோடு நின்றிருந்தால், அவ்விருவரையும் நாட்டுப்பற்றாளர் என்று மட்டும் புகழ்ந்திருப்போம். இரண்டாவது சிலையையும் வடித்ததால், மனிதப்பற்றாளர் என்கிறோம்.

தோழர்களே! அந்த வெற்று நாற்காலி கொரியருக்கு மட்டும் உரியதன்று. தன் வீட்டில், தன் தெருவில், தன் இனத்தில் பெண்ணுக்கு இழைக்கப்பட்ட தீங்கை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ளும் துணிவுள்ளவன் எவனோ, அவனுக்கு அங்கே இடமுண்டு. நாம் அமரத் தகுதி பெற்றிருக்கிறோமா?